மாப்பிள்ளையின் தொட்டி

சத்தம் தப்பான இடத்திலிருந்து வந்தது.

விடைத்தாள் கட்டோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சருக்கு அந்தச் சத்தம் பழக்கம்தான். கூடத்துத் தொட்டியில் கணவர் வளர்க்கும் அரபைமா என்ற அமேசான் ஆற்று மீன் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடிக்கும். தண்ணீருக்குள் யாரோ கிழவர் இருமுவதைப் போல, 'களுக்'. ஆனால் இப்போது கேட்டது குளியலறைப் பக்கம்.

குழாயாக இருக்கும். தொலையட்டும்.

அந்த மீனுக்குக் கணவர் வைத்த பெயர் 'மாப்பிள்ளை'. பெயருக்கேற்ற உபசாரம் வேறு. மாப்பிள்ளைக்கு இறால் உரித்துத்தான் போடவேண்டும். மாப்பிள்ளை அசந்திருக்கும்போது மிக்ஸி ஓடக்கூடாது. வந்த அன்று பேனா மூடி அளவுதான். பிறகு சோபா போயிற்று, புத்தக அலமாரி போயிற்று, அவளுடைய தையல் மெஷினும் போயிற்று. ஒவ்வொன்றும் போன இடத்தில் தொட்டி நீண்டது. துணைக்கு விட்ட மீன்கள் எங்கே என்று கேட்டால், "வாய்க்குள்ள போற சைஸ்ல இருந்தா அது யார் தப்பு?" என்பார். இப்போதோ அது வாலைத் திருப்பினால் அடுத்த தெருவில் காக்கை பறக்கிறது.

காலையில் அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். "இன்னிக்கு ஒண்ணு அது போகணும், இல்ல நான் போகணும்."

"அவசரப்படாதேம்மா," என்று மீனை விற்ற கடைக்காரரைக் கூட்டிவரக் கிளம்பியவர்தான். போனவர் போனவர்தான். மழை இருட்டிக்கொண்டு வர, எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுக் கடைக்குப் போன் போட்டாள்.

"இங்கதான்க்கா இருக்கார், டீ குடிக்கிறார். ஏன் பயப்படறீங்க? தொட்டி எவ்வளவோ, மீன் அவ்வளவுதான் வளரும். அது எங்க தொழில் கணக்கு."

"நான் கணக்கு டீச்சர்ங்க. எனக்கே கணக்கா?"

பின்னால் கணவரின் சிரிப்பு. தொடர்பு அறுந்தது.

பாதத்தில் ஈரம் பட்டது. துணி எடுத்துத் துடைத்தாள், வாளியில் பிழிந்தாள், திரும்பினால் துடைத்த இடமே தளும்பியது. மறுபடி துடைத்தாள், 'இதுக்கும் நான்தான், எல்லாத்துக்கும் நான்தான்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாளி நிரம்பும்வரை துடைத்தாள். பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் பச்சை வாடை மூக்கில் ஏறியது. எல்லாம் அந்தச் சனியன் பிடித்த தொட்டிதான் என்று கூடத்துக்கு விரைந்தாள்.

தொட்டியில் தண்ணீர் இம்மியும் குறையவில்லை. கண்ணாடியில் கீறல் இல்லை. மூடிமேல் வைத்த கற்கள் வைத்தபடியே இருந்தன.

மீன் இல்லை.

படுக்கையறையில், 'களுக்'.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. குனிந்து பார்ப்பதற்குள் முழங்கால். குளியலறை வடிகால் துளை தண்ணீரை வாங்காமல் கக்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் சொன்ன கணக்கு சரிதான் என்று அவளுக்கு உறைத்தது. எது தொட்டி என்பதில்தான் பிழை.

வாசலுக்கு ஓடினாள். உள்பக்கம் திறக்கும் கதவு. தண்ணீர் அதை அழுத்திப் பிடித்திருந்தது. இழுத்தாள். கைப்பிடி கையோடு வந்தது.

இடுப்பு.

விடைத்தாள்கள் மிதந்தன. சிவப்பு மை கரைந்து நூல்நூலாய்ப் பிரிந்தது. விளக்கு மட்டும் அணையவில்லை. படுக்கையறைக் கதவு நிலையோடு பெயர்ந்து, மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல். தெருவில் கணவர். கூடவே கடைக்காரர்.

"ஏங்க! உடைங்க! கண்ணாடியை உடைங்க!"

கணவர் ஓடிவந்தார். இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் பதித்தார். முகம் அப்படியே மலர்ந்தது. கல்யாணத்தன்றுகூட அவள் பார்த்திராத மலர்ச்சி. வாய் அசைந்தது. தாடைக்கு ஏறிவிட்ட தண்ணீருக்கு மேலிருந்த ஒரு காதில் கேட்டது.

"கொஞ்சம் தள்ளிக்கோம்மா. மாப்பிள்ளையை மறைக்கிறே."

பின்னால் ஒரு வாய் திறந்தது, தண்ணீர் உள்ளே இழுபட்டது. அவிழ்ந்த அவள் கூந்தல் முழுவதும், ஒரு மயிரிழை பாக்கியில்லாமல், பின்புறமாக நேராக நீண்டு நின்றது.