எழுத்து இல்லாத மூன்று பக்கங்கள்

நொட்டை என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு அழகான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அவளோடு அரை மணி நேரம் இருந்து பார்த்தவர்கள் யாரும் அந்த அழகான பெயரைக் கேட்க மாட்டார்கள். இதுவே கச்சிதம் என்று விட்டுவிடுவார்கள்.

"மூணு நாளா மலையில ஓடுறா. தலைமுடி கொஞ்சம்கூடக் கலையலை! எப்படிம்மா?" என்று கேட்பாள்.

"வில்லன் நின்னு நிதானமா தன் திட்டத்தையெல்லாம் ஒப்பிக்கிறான். அதுவரைக்கும் அவனை அடிக்காம எதுக்கு எல்லாரும் வாயைப் பார்த்துட்டு நிக்கறாங்க?" என்று கேட்பாள்.

இப்படிக் கண்டுபிடிக்கும் நொட்டைகளை எழுதி வைக்கப் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டும் வைத்திருந்தாள்.

குறை சொல்வதற்கு அவளுக்குக் கதைப் பஞ்சமே கிடையாது. அம்மாவின் வேலையே மங்கா புத்தகங்களோடுதான். ஜப்பானியப் படக்கதைகளை மங்கா என்பார்கள். அம்மா அவற்றைத் தமிழில் பெயர்த்து, படங்களின் பேச்சுக் குமிழ்களுக்குள் தமிழை உட்கார வைப்பார்.

உட்கார வைப்பது லேசான வேலை இல்லை. ஜப்பானிய எழுத்தை மேலிருந்து கீழாக எழுதுவார்கள். அதனால் குமிழ்கள் எல்லாம் ஒல்லியாக, நெட்டையாக இருக்கும். நம் சொற்களோ ரயில் மாதிரி நீளம்.

"'உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன்.' இதை எப்படிடி இந்தக் குமிழுக்குள்ள நுழைக்கிறது?" என்று அம்மா தலையில் கை வைப்பார்.

"'இருக்கேன், வா'ன்னு போடும்மா."

"அட! நல்லாருக்கே!"

இப்போது அம்மாவின் மேசையில் இருந்தது ஒரு தொடரின் ஆறாம் புத்தகம். அதன் நாயகி ஓர் ஓட்டக்காரி. மலை கடந்து ஓடி, ஊர் ஊராகக் கடிதம் கொடுப்பது அவள் வேலை. அவளைத் தடுப்பதே வேலையாக அலைபவன் முகமூடிப் பிரபு. முதல் புத்தகத்திலேயே அவளுடைய இடது காலணியைப் பறித்துக்கொண்டு போய்த் தன் கோட்டையில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து ஐந்து புத்தகங்களாக அவள் ஒற்றைக் காலணியோடுதான் ஓடுகிறாள்.

ஐந்து புத்தகங்களிலும் சேர்த்து நாற்பத்து மூன்று நொட்டைகள் பச்சை நோட்டில் ஏறியிருந்தன. ஆனால் ஆறாம் புத்தகத்தில் அவளை அசர வைத்த மூன்று பக்கங்கள் இருந்தன. நூற்றுப் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு.

அந்தப் பக்கங்களில் ஒரு சொல்கூடக் கிடையாது. விடியற்காலை, வெளியே பனி. குடிசை வாசலில் முகமூடிப் பிரபு குனிந்து அந்த இடது காலணியை வைக்கிறான். திரும்பி நடக்கிறான். பனியில் அவன் காலடித் தடங்கள். கதவு திறக்கிறது. ஓட்டக்காரி காலணியைப் பார்க்கிறாள். பிறகு தடங்களைப் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

நொட்டை அந்தப் பக்கங்களை எட்டு தடவை பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அடுத்த பக்கத்துக்குப் போக மனமே வரவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை, எடிட்டர் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு வேலை தரும் பதிப்பகத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்பவர் அவர்தான்.

"பாருங்க மேடம்! அஞ்சாம் புத்தகம், ஒரே கடையிலேருந்து பத்துப் பிரதி திரும்பி வந்திருக்கு. ரெண்டு பக்கத்துல எழுத்து அச்சாகலையாம்!"

"அது பேச்சில்லாத பக்கம் சார். மூலத்துலயும் அப்படித்தானே இருக்கு."

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். கடைக்காரருக்கு யார் சொல்றது? இந்த ஆறாம் புத்தகத்துல மூணு பக்கம் வேற அப்படி வருது. நான் ஜப்பானுக்கு எழுதிக் கேட்டு, விளக்க வரி போட்டுக்க அனுமதி வாங்கிட்டேன். இந்தாங்க."

அவர் நீட்டிய தாளை நொட்டை எட்டிப் பார்த்தாள். 'முகமூடிப் பிரபு மனம் திருந்தினான். பறித்த காலணியைத் திருப்பிக் கொடுத்தான். ஓட்டக்காரி மகிழ்ச்சி அடைந்தாள்.'



"அங்கிள், வேண்டாம்! அந்தப் பக்கம் அப்படியே ரொம்ப நல்லாருக்கு!"

எடிட்டர் வாய்விட்டுச் சிரித்தார். "நீயா சொல்ற? நீ எதையாவது நல்லாருக்குன்னு சொல்லி நான் கேட்டதே இல்லையே! போன தடவை அட்டையில ஓட்டக்காரிக்கு ஆறு விரல்னு சண்டை போட்டவதானே?"

"அது நிஜமாவே ஆறு விரல் அங்கிள்!"

"ஆமாம், ஆமாம், மாத்திட்டோம்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், வரியைச் சேர்த்து வையுங்க. அஞ்சு மணிக்கு வர்றேன். ஆறு மணிக்கு அச்சகத்துல கொடுக்கணும்."

அவர் போன பிறகு நொட்டை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குறை சொன்னால் மாற்றுகிறார்கள். நல்லாருக்கு என்று சொன்னால் சிரிக்கிறார்கள். இது என்ன நியாயம்?

"அவர் மேலயும் தப்பில்லடி. பத்துப் புத்தகம் திரும்பி வந்தா அவர்தான் என்ன பண்ணுவார்?" என்றார் அம்மா. சொல்லிக்கொண்டே வரிகளைச் சேர்த்தார். ஆனால் அம்மாவின் முகமும் சரியாக இல்லை.

பிரிண்டரிலிருந்து மூன்று பக்கங்கள் வரியோடு வந்து விழுந்தன. வரி இல்லாத பழைய பக்கங்கள் பக்கத்திலேயே கிடந்தன. நொட்டை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சொன்னால்தானே எடிட்டர் நம்பமாட்டார்?

"அம்மா, இதை ரெண்டையும் கொஞ்ச நேரம் கீழ கொண்டு போகட்டுமா?"

"எதுக்கு?"

"காட்டிட்டுத் திருப்பிக் கொண்டு வந்துடுவேன்மா. ப்ளீஸ்!"

"காபி கறை படக்கூடாது, சொல்லிட்டேன்."

அவர்கள் குடியிருந்த மாடிக்குக் கீழே பல் டாக்டரின் கிளினிக். சனிக்கிழமை என்றால் காத்திருக்கும் அறை முழுக்கக் குழந்தைகள். உள்ளே கருவி கொர்ரென்று சுற்றும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் கையில் கிடைத்ததை எடுத்துப் படிப்பதுபோல் நடிப்பார்கள். வரவேற்பு மேசை அக்காவுக்கு நொட்டையை நன்றாகத் தெரியும்.

"படிக்கக் கொடுக்கப்போறியா? குடு, குடு. அழாம இருந்தாச் சரி," என்றார் அந்த அக்கா.

முதலில் வரி உள்ள பக்கங்களை ஒரு ரெட்டைச்சடைப் பெண்ணிடம் கொடுத்தாள். "ஜப்பான் கதை, வலது பக்கத்திலேருந்து பார்க்கணும், சரியா?" என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று… பதினொன்று எண்ணுவதற்குள் மூன்று பக்கமும் முடிந்துவிட்டது.

"என்ன நடந்தது?"

"யாரோ திருந்திட்டாங்க. ஷூ கொடுத்துட்டாங்க. வேற கதை இருக்கா?"

இன்னும் இரண்டு பேர். ஒருவன் பத்து, இன்னொருத்தி பதின்மூன்று. எல்லோருமே வரியைப் படித்தார்கள், தாளைத் திருப்பினார்கள்.

அடுத்து வரி இல்லாத பக்கங்களை ஒரு கன்னம் வீங்கிய பையனிடம் நீட்டினாள். அவன் கன்னத்தில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு பார்க்க ஆரம்பித்தான். நாற்பது வரை எண்ணினாள். அறுபது வரை எண்ணினாள். அவன் முதல் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை.

"இவர் கெட்டவரா, நல்லவரா?" என்று கேட்டான், வாயைப் பாதி திறந்து.

"நீயே சொல்லேன்."

"கெட்டவர் மாதிரி இருக்கார். ஆனா ஷூவை மெதுவா வைக்கிறார். சத்தம் கேட்கக்கூடாதுன்னு." பையன் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "பாவம், அவருக்கும் அடிபட்டிருக்கு போல."

"அடியா? எங்க?"

"இதோ, கையில கட்டு."

நொட்டை தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். பிரபுவின் வலது கை, அங்கியின் மடிப்புக்குள் பாதி மறைந்திருந்தது. விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை துணிச் சுற்று. எட்டு தடவை பார்த்தும் அவள் கண்ணில் படவில்லையே!

படிகளில் இரண்டிரண்டாகத் தாவி மேலே ஓடினாள். ஐந்தாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். பிரபுவின் கோட்டை தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது.

காலணி அந்தக் கோட்டைக்குள்தானே இருந்தது!

"ஐயோ, அம்மா!" என்று கத்தினாள். "அவன் நெருப்புக்குள்ள கையை விட்டு எடுத்திருக்கான்ம்மா!"

அம்மா வந்து பார்த்தார். இரண்டு புத்தகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நான் ரெண்டு மாசமா இதை வெச்சு வேலை செய்யறேன். எனக்கே தெரியலையேடி!" என்றார்.

நொட்டைக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. இந்தக் கதையை வரைந்தவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரர்! இவ்வளவு பெரிய விஷயத்தை வைத்துவிட்டு, பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று கம்மென்று இருந்திருக்கிறாரே!

சரியாக ஐந்து மணிக்கு எடிட்டர் வந்தார். நொட்டை ஒரு வாதமும் செய்யவில்லை. வரி இல்லாத பக்கங்களை அவர் கையில் கொடுத்தாள்.

"அங்கிள், பிரபு இடது கையில என்ன வெச்சிருக்கார்?"

"காலணி."

"வலது கையில?"

எடிட்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பார்த்தார். பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்தாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அவள் திறந்து பக்கத்தில் வைத்தாள். அம்மா கொண்டு வந்து வைத்த காபி ஆறிப்போனது.

"அடேயப்பா!" என்றார் கடைசியில். "இதைப் போய் 'மனம் திருந்தினான்'னு ஒரே வரியில நான் இழுத்து மூடிட்டேனே! அவன் திருந்தினானான்னே தெரியலையே!"

"அதான் அங்கிள். எனக்கும் தெரியலை. ஏழாவது புத்தகம் வந்தாத்தான் தெரியும்."

அவர் சிரித்தார். ஆனால் உடனே நெற்றியைச் சுருக்கினார். "எல்லாம் சரி. கடைக்காரர் மறுபடி பத்துப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பினா?"

அதற்கும் நொட்டை யோசித்து வைத்திருந்தாள். ஒரு துண்டுத் தாளை நீட்டினாள். "இதை முதல் பக்கத்துல போடுங்க."

எடிட்டர் உரக்கப் படித்தார். "'இந்தப் புத்தகத்தில் மூன்று பக்கங்கள் பேசாது. அது அச்சுப் பிழை அல்ல. அவசரப்படாமல் பாருங்கள்.'"

"மேடம், இதைப் போட எத்தனை நிமிஷம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம்," என்ற அம்மா ஏற்கெனவே தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தார்.

அந்த இரண்டு நிமிடத்தில் எடிட்டருக்குப் பச்சை நோட்டின் நினைவு வந்தது. "உன் நோட்டைக் கொடு பார்ப்போம். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே இந்தப் புத்தகத்தோட நொட்டையெல்லாம் தெரிஞ்சுக்கறேன்."

அவள் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். 'பக்கம் 31: மறுபடியும் முடி கலையவில்லை.' 'பக்கம் 58: குதிரைக்குக் களைப்பே கிடையாதா?' தாளைத் திருப்பினார். '112, 113, 114' என்று மேலே எழுதி, அடியில் அழகாக ஒரு கோடு போட்டிருந்தது. அதற்குக் கீழே முழுப் பக்கமும் வெறுமையாக இருந்தது.

"என்னம்மா இது, இங்க எழுதவே மறந்துட்டியா?" என்று கேட்டார் எடிட்டர்.

 அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்று நொட்டை காத்திருந்தாள்.