பேசினால் மாடு போச்சு

"ஐயோ... என் புருசனைக் கொன்னுட்டாகளே!"

வெள்ளைத்தாயின் அலறலில் பாளையம்பட்டி விழித்துக்கொண்டது.

தொழுவத்தில் ரத்தம். திட்டுத் திட்டாக... வாசல் வரைக்கும்!

நடுவில் அவள் புருஷன் வெள்ளத்துரையின் துண்டு நனைந்து கிடந்தது. ஆளைக் காணோம். அவனுடைய பந்தயக் காளையையும் காணோம்.

உலக யுத்தம் முடிந்த மறு வருடம் அது. அடுத்த நாள் திருச்சுழியில் மாட்டுவண்டிப் பந்தயம்.

அருப்புக்கோட்டையிலிருந்து ஏட்டு செல்வதுரை சைக்கிளில் வந்து இறங்கினார்.

"யாரு மேல சந்தேகம்?"

"வேற யாரு... இருளாண்டி அண்ணன்தான்."

"விரோதமா?"

"சினேகிதம்ங்கய்யா. அதுல வந்த விரோதம்."

ஏட்டுக்குத் தலை சுற்றியது. வெள்ளைத்தாய் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் சேந்து ஒரு சோடிக் காளை வாங்குனாக. வலது பக்கத்து மாடு இவுகளுது, இடது பக்கத்து மாடு அவுகளுது. பந்தயத்துல முதல்ல வந்தாக. செயிச்சது எந்த மாட்டாலன்னு பேச்சு வந்துச்சு. நுகத்தடியவே ரெண்டா அறுத்துட்டாக."

"அப்புறம்?"

"அய்யனார் முன்னால சத்தியம். முதல்ல பேசுறவன் தன் மாட்டை மத்தவனுக்குக் குடுத்திரணும். அன்னைக்கு மூடுன வாயிதான்."

"ஒரே ஊருக்குள்ள பேசாம எப்படிம்மா இருக்கானுக?"

"ஜாடைதான். இவுக என் முட்டைக்கோழியப் பாத்து அவுகள வைவாக. அவுக நாயப் பாத்துப் பதில் சொல்லுவாக. நேத்து அந்த நாய்கிட்டதான் சொன்னாக, 'ஒருத்தன் திருச்சுழிக்கு எப்படிப் போறான்னு பாக்குறேன்'னு."

ஏட்டு எழுந்து நடந்தார். ஊரே பின்னால் வந்தது.

இருளாண்டியின் தொழுவத்தில் இடது பக்கம் அவன் காளை. வலது பக்கம்... வெள்ளத்துரையின் காளை! நுகத்தில் நிற்கிற மாதிரியே தோளோடு தோள் உரசிக்கொண்டு இரண்டும் அசை போட்டன.

"இதுக்கு என்னப்பா சொல்றே?"

இருளாண்டி மீசையைத் தடவினான்.

"உள்ள வாங்க ஏட்டய்யா. மாட்டைப் பக்கத்துல வச்சு ஒரு விசயம் சொல்றேன்."

இருவரும் உள்ளே போனார்கள். வெளியே வந்தபோது... இருளாண்டியின் கையில் விலங்கு!

"ஒத்துக்கிட்டான்," என்றார் ஏட்டு உரக்க. "இனிமே தூக்குதான். யாராச்சும் இவன்கிட்டக் கடைசியாப் பேசுறதுன்னா பேசிக்கங்க."

வெள்ளைத்தாய் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்டப் பேச யாரு இருக்கா?" என்றான் இருளாண்டி. "இருந்தது ஒருத்தன்."

தொழுவத்துக்குப் பின்னால் சோளத்தட்டையை ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருந்த படப்பு லேசாக அசைந்தது.

ஏட்டு லத்தியால் அவன் முதுகில் ஒன்று போட்டார். "நடலே!"

படப்பு பிளந்தது! தலையெல்லாம் தூசியும் தட்டையுமாக வெளியே பாய்ந்தான்... வெள்ளத்துரை!

"ஏலே இருளாண்டி, கூறுகெட்டவனே! செய்யாததை எதுக்குலே ஒத்துக்கிட்டே?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான். பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது.

"கேட்டுக்கிட்டீகளா ஏட்டய்யா?" இருளாண்டி சிரித்தான். "பேசிட்டான்."

ஏட்டும் சிரித்தபடி விலங்கைக் கழற்றினார். அது பூட்டப்படவே இல்லை.

"எல்லாம் இருளாண்டி ஏற்பாடுதான்லே. உன் மாடு மத்தவன் தொட்டா குடலை எடுத்துரும், எங்க ரெண்டு பேருக்குத்தான் அடங்கும், நான் பிடிச்சுட்டு வரலைன்னான். அப்ப இங்க கொண்டாந்து கட்டுனது யாரு? விடியக்காலம் படப்புக்குள்ள தும்முன ஆளு நீதானாமே."

வெள்ளத்துரை முனகினான். "உன் மேல கொலைப் பழி வந்தா நீ என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டுத் தேடுவேன்னு நெனச்சேன்லே. கூப்பிட்டா உன் மாடு எனக்கு."

"என் கையில விலங்கைப் பாத்தா நீ பொறுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்லே."

வெள்ளத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றது கூட அவனுக்கு இனித்தது. தொழுவத்துக்குள் போய்த் தன் காளையின் கயிற்றை அவிழ்த்து நீட்டினான்.

"சத்தியம் சத்தியந்தான். பிடி."

"பிடிச்சுட்டேன். இப்ப ரெண்டு மாடும் என்னுது. ஓட்ட ஆளு இல்ல. நாளைக்கு நீ வண்டியில ஏறு."

ஏட்டு விலங்கைப் பையில் போட்டார். "கொலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வாரேன்."

"நில்லுங்க ஏட்டய்யா."

வெள்ளைத்தாய் எழுந்தாள். கண்ணீர் காய்ந்திருந்தது. புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தொழுவத்துல கெடந்த ரத்தம் யாருது?"

வெள்ளத்துரை மெல்ல இருளாண்டியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"விலங்க உள்ள வைக்காதீக. இந்த ஆளுக்கு மாட்டிப் பூட்டுங்க. கொலை நடந்தது நெசந்தான்... காலையிலருந்து என் முட்டைக்கோழியக் காணோம்!"