ராஜஸ்ரீயின் வயலில் காணாமல்போன குழாய்கள்

2004, மார்ச் 9. காலை 10.40.

புனே மாவட்டம், ஷிரூர் பக்கம். ராஜஸ்ரீயின் வெங்காய வயலுக்கு அரசு சொட்டுநீர்ப் பாசன மானியம் கொடுத்திருந்தது. காகிதத்தில் இரண்டு ஏக்கர் முழுக்கக் கருங்குழாய். மண்ணில் ஒரு முழம்கூட இல்லை.

"வித்துட்டா சார்," என்றார் வேளாண் அதிகாரி ஷிதோளே. புகார் கொடுத்ததே அவர்தான். "குழாய் போட்டதை நானே வந்து பார்த்தேன். எட்டு நாள்ல மானியத்தைத் திருப்பலேன்னா நிலம் ஜப்தி."

"எப்போ வந்தீங்க சாகேப்?" ராஜஸ்ரீ சீறினாள். "இன்னைக்கே ஜீப்பை நிறுத்தி நிறுத்தி வழி கேட்டுத்தானே வந்தீங்க!"

புனே தணிக்கை அலுவலகத்திலிருந்து வந்திருந்த சிரில், குழாய் வாங்கியதற்கான ரசீதை நீட்டினான். கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழன். மராத்தி தண்ணீர் பட்ட பாடு.

"தாயி, இந்தக் கைரேகை உங்களுதா?"

"என்னுதுதான். மழை நஷ்டக் கணக்குன்னு இவர் ஆபீஸ்ல வெத்துத்தாள்ல வாங்கினாங்க."

"எல்லாரும் சொல்ற கதை," என்றார் ஷிதோளே.

சிரில் குடிக்கத் தண்ணீர் கேட்டான். அரைச் செம்பு வந்தது.

"இவ்வளவுதான் இருக்கு. ராத்திரி பத்துக்கு மேலதான் மோட்டார் ஓடும். தீபாவளியிலேர்ந்து எங்க லைனுக்குப் பகல்ல கரண்ட் கிடையாது. பாம்புக்கு நடுவுல தண்ணி பாய்ச்சறேன்."

அவள் கண்கள் சிவந்திருந்தன.

பிற்பகல் 3.10. புனேயை ஒட்டிய நிக்டி.

ரசீதில் இருந்த கடை, மூன்றாம் மாடியில் பூட்டிய பிளாட். மானியம் நேராக அந்தக் கடைக்குத்தான் போயிருந்தது.

"குழாய்க்கடையா?" எதிர்வீட்டு டோரீன் சிரித்தாள். "இங்கே ஒரு ஆணி வித்துப் பார்த்ததில்லை அண்ணா."

மறுநாள் காலை 11.00. ஷிதோளேயின் அறை.

"ஆய்வுக்குப் போன நாள்?"

"பிப்ரவரி பத்து. ரிப்போர்ட்லயே இருக்கே."

"நேரம்?"

"காலை பதினொன்றே கால்."

"மோட்டார் ஓடிச்சா?"

"ஒரு மணி நேரம். ஒவ்வொரு துளையிலும் தண்ணி சொட்டிச்சு. என் கண்ணால பார்த்தேன்."

சிரில் ஒரு நகலை மேசையில் வைத்தான். துணைமின் நிலையத்தின் பதிவேடு.

"அன்னைக்குக் காலை ஆறிலேர்ந்து ராத்திரி பத்து வரை அந்த லைன்ல கரண்ட் இல்லை."

"டீசல் பம்ப்பா இருக்கும்..."

"மின்மோட்டார்னு எழுதியிருக்கீங்க. ஊர்க்காரங்க பொய் எழுதினா ராத்திரின்னு எழுதியிருப்பாங்க. உங்க ஃபேனுக்கு நாள் பூரா கரண்ட் வருது. அவளுக்கு எப்போ வரும்னு நீங்க கேட்டதே இல்லை. குழாய் திருட்டுப் போகலை. வரவே இல்லை."

"அப்போ கடைக்காரன்தான்..."

"அந்த பிளாட் உங்க மைத்துனர் பேர்ல இருக்கு. குடியிருப்பு சொசைட்டிப் பதிவுல பார்த்துட்டேன். தணிக்கை வருதுன்னு தெரிஞ்சதும், ரேகை வெச்சவளையே திருடியாக்கிட்டீங்க. நீங்கதான் திருடன், ஷிதோளே."

ஷிதோளே தண்ணீர் டம்ளரை எடுத்தார். ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை, காலை 9.30.

ஜப்தி ரத்தான உத்தரவைச் சிரில் நேரில் கொண்டுபோனான். ராஜஸ்ரீ அதை வாங்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

"என்னைத் திருடின்னு சொன்ன நோட்டீசை எங்கே வெச்சு வாசிச்சாங்க தெரியுமா? சாவடியில. தண்டோரா போட்டு, ஊரைக் கூட்டி."

செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க. இதையும் அங்கேயே வாசிங்க. சத்தமா."