ஆறாம் வினாவும் பதினேழு பேரும்

ஒரு மணிக்கு மணியடித்ததும் பேனாவைக் கீழே வைத்தார்கள். மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டிய பேனா அது. திரையைத் தொட்டே வளர்ந்த விரல்களுக்கு மூன்று மணி நேரம் தாளில் எழுதுவது தண்டனைதான். குழாயடியில் நின்று கட்டைவிரல் மையைத் தேய் தேய் என்று தேய்த்தார்கள். போகவில்லை. வாசல் கதவும் திறக்கவில்லை. பட்டப்படிப்பு வரலாற்றுத் தேர்வு எழுதியவர்கள் இரண்டு மணி வரை வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு முத்திரை நேரம் என்று பெயர். ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல் கொடுத்தார்கள்.

"மூணாவது கேள்வில துறைமுகத்தைக் கட்டின வருசத்தையே மாத்திப் போட்டுட்டேன்," என்றான் நவ்ஷாத். "பத்து வருசம் முன்னாலயே கப்பல் வந்துட்டு போ."

"கப்பல் தண்ணியிலதான நின்னுச்சு? பொறவென்ன?" என்றாள் ரெக்ஸ்லின்.

முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. சுண்டலைப் பிரிக்கவும் இல்லை. விடுதியில் மூன்று வருடமாக இவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள், இன்று வேப்பமரத்தடியில் ஒரு ஓரமாக உட்கார்ந்து அறிவிப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் பட்டம் வாங்கப் போகும் முதல் ஆள் அவள்தான். இந்தத் தேர்வில் தேறினால் பட்டம், மாவட்டக் காப்பகத்தில் வேலை. தேறாவிட்டால் உப்பளம். அம்மாவின் காலில் இருக்கும் அதே வெடிப்பு இவள் காலிலும் வரும்.

தேர்வில் எட்டு வினாக்கள். ஏழுக்கு விடை உண்டு. ஒன்றுக்கு விடை இனிமேல்தான் உண்டாக வேண்டும். அது எது என்பதை எழுதி முடித்த பிறகே சொல்வார்கள். தீர்வுவினா என்பது அதுதான்.

இந்த ஏற்பாடு பொய்யுருக் காலத்துக்குப் பிறகு வந்தது. எந்தப் படத்தையும், எந்தக் குரலையும், எந்தக் கையெழுத்தையும் எந்திரம் ஒரு நொடியில் செய்து தள்ளிய காலம் அது. நடக்காத கலவரத்துக்கு ஆயிரம் வீடியோ இருந்தது. நடந்த கொலைக்கு இருந்த ஒரே வீடியோவையும் யாரும் நம்பவில்லை. கடைசியில் நீதிமன்றமும் அரசும் ஆவணங்களைக் கைகழுவின. புதுச் சட்டம் இதுதான்: எதிரெதிரான சாட்சியங்களை அச்சடித்துப் படித்த பிள்ளைகளிடம் கொடுப்பது, அவர்கள் படித்து யோசித்து எழுதுவது, நூற்றுக்கு அறுபது பேர் ஒன்றையே எழுதினால் அதுவே வரலாறு என்று பதிவு செய்வது. அறுபது விழாவிட்டால் அடுத்த வருடம் அதே வினா திரும்ப வரும். விழுந்துவிட்டால் பிறகு யாரும் அதைத் திறக்க முடியாது.

காகிதத்தில் பார்த்தால் நல்ல சட்டம்தான். ஆனால் தீர்வுவினாவுக்கு முப்பது மதிப்பெண். அறுபதோடு எழுதினவருக்கு முப்பதும் கிடைக்கும், மற்றவருக்குப் பூஜ்யம். இதைக் கண்டதும் கோச்சிங் சென்டர்கள் பெரும்பான்மைக் குறிப்பு என்று புத்தகம் போட்டன. எது நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. மற்றவன் எதை எழுதுவான் என்பதுதான் கேள்வி. அவனும் உன்னைப் பற்றி அதையேதான் யோசிக்கிறான்.

ஒன்றரைக்குத் திரை ஒளிர்ந்தது.

'தீர்வுவினா: ஆறு. கருவேலந்துறைக் கடல்மதகு திறப்பு. உப்பளத் தொழிலாளர் நாற்பத்தொரு பேர் இறப்பதற்கு முன் எச்சரிக்கை சைரன் ஒலித்ததா?'

பதினெட்டு வருடத்துக்கு முன் புயலலை துறைமுகத்துக்குள் புகாமலிருக்க மதகைத் திறந்து தண்ணீரை உப்பளத்துப் பக்கம் விட்டார்கள். சைரன் மூன்று முறை ஊதியது, தொழிலாளர்கள்தான் கரையேறி வரவில்லை என்றது துறைமுக நிர்வாகத்தின் சாட்சியம். ஒருமுறைகூட ஊதவில்லை என்றார்கள் மிஞ்சியவர்கள். நாற்பத்தொரு பேரில் ஒருவர் பேச்சியின் அப்பா.

ரெக்ஸ்லின் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தாள். "ஏட்டி, உன் கேள்விதான்! நல்லவேளை எழுதினேன். ஊதலைன்னு ரெண்டு பக்கம்."

"நானும்," என்றான் நவ்ஷாத். "கோச்சிங் புக்குல ஊதுச்சுன்னுதான் போட்டிருக்கான். முப்பது போனா போகட்டும். உன் மூஞ்சில நாளைக்கு எப்படி முழிக்கது?"

பேச்சி குனிந்து கட்டைவிரல் மையைத் தேய்த்தாள்.

"என்னட்டி?" என்றாள் ரெக்ஸ்லின். "நீ எப்படியும் நாலு பக்கமாவது எழுதியிருப்பல்லா?"

"ஊதுச்சுன்னு எழுதினேன்."

ரெக்ஸ்லினின் கை தோளில் அப்படியே நின்றது.

"என்ன பார்க்கே?" பேச்சிக்குக் குரல் உயர்ந்தது. "உனக்கு முப்பது போனா உங்கப்பா கடையில உக்காருவ. எனக்கு? எல்லாவனும் அதைத்தான் எழுதுவான்னு நினைச்சேன். நான் ஒருத்தி மாத்தி எழுதி என்ன ஆகப்போகுது? மூணு தடவை ஊதுச்சு, தொழிலாளர் அலட்சியம். குறிப்புல இருந்தபடியே எழுதினேன். ஒரு எழுத்து மாறாம."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். அதில் அவள் கெட்டிக்காரி. நவ்ஷாத் தன் பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினான். "தின்னு மொதல்ல. காலையிலயும் சாப்பிடலை நீ."

அந்தச் சுண்டல்தான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. யாரோ பெற்ற இரண்டு பேர், விடுதியில் ஒரு நாள் அவள் அழுதுகொண்டே சொன்னதை நம்பி முப்பது மதிப்பெண்ணைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். பெற்றவனுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டது அவள்.

மணி ஒன்று ஐம்பது. முத்திரை நேரத்தில் விடையை மாற்றி எழுத முடியாது. ஆனால் கோடிட்டு அடிக்கலாம். அடித்த விடை கணக்கில் எந்தப் பக்கமும் சேராது, மதிப்பெண்ணும் கிடையாது. பேச்சி எழுந்து முத்திரை சன்னலுக்கு நடந்தாள்.

அங்கே அவளுக்கு முன்னால் கண்ணாடி போட்ட ஒரு பையன் நின்றிருந்தான். முன்பின் பார்த்திராத முகம். அவன் முடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனான்.

"ஆறாவது விடையை அடிக்கணும்," என்றாள் பேச்சி.

அலுவலர் அம்மாள் நிமிரவில்லை. "காரணம்?"

"எழுதினது பொய்."

"அப்படியெல்லாம் போட முடியாதும்மா. உடல்நிலை, கவனக்குறைவு, வேறு. மூணுல ஒண்ணு சொல்லு."

"வேறு."

தாள் வந்தது. மேசைச் சங்கிலிப் பேனாவால் தன் எழுத்தின் மேலே கோடிழுத்தாள். ஒரு கோடு போதும் என்று அம்மாள் சொன்ன பிறகும் தாள் கிழிகிற வரை இழுத்தாள்.

இரண்டு மணிக்குத் திரையில் எண்கள் வந்தன. எல்லா மையங்களிலும் சேர்த்துத் தேர்வு எழுதியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு. ஊதியது: இருநூற்று முப்பத்தைந்து. ஊதவில்லை: நூற்று இருபத்தொன்று. ஆறுக்கு விடை எழுதாதவர்: முப்பத்தொன்பது. அடித்தவர்: பதினேழு. அறுபது விழவில்லை. வினா மூடப்படவில்லை.

வளாகத்தில் ஒரு முனகல் எழுந்தது. "அடிச்சவன் எவன்டா? எல்லாருக்கும் முப்பது போச்சு!" என்று ஒருவன் கத்தினான். பேச்சி மனக்கணக்குப் போட்டாள். அறுபதுக்கு இருநூற்று நாற்பத்தெட்டு வேண்டும். பதினேழு பேரும் அடிக்காமல் விட்டிருந்தால் 'ஊதியது' இருநூற்று ஐம்பத்திரண்டு. அப்பா தன் அலட்சியத்தால் செத்தவராக என்றைக்கும் நின்றிருப்பார். இன்னும் பதினாறு பேர், அவரை அறியாதவர்கள், அவளைப் போலவே பயந்து எழுதிவிட்டு, எழுதியதோடு இருக்க முடியாமல் எழுந்து போயிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடிப் பையனைத் தேடினாள். கூட்டத்தில் காணவில்லை.

கதவு திறந்ததும் கைபேசியைத் திருப்பி வாங்கி அம்மாவை அழைத்தாள்.

"ஏட்டி, பரீட்சை எப்படி?"

"தேற மாட்டேன்மா."

"ஏன்? நல்லாத்தான படிச்ச?"

"அப்பா கேள்வி வந்துச்சு."

"அதை நீ எழுதாம வேற யாரு எழுதுவா?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எங்கேயும் பதிவாகாத பொய். பேச்சி மூச்சை இழுத்துக்கொண்டாள். "சைரன் மூணு தடவை ஊதுச்சுன்னு எழுதினேன்மா. மார்க்குக்காக. பொறவு போய் அடிச்சிட்டேன்."

மறுமுனையில் உப்பளத்து மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா போனை வைக்கவில்லை.

"அடுத்த வருசம் திரும்ப வருமா அந்தக் கேள்வி?"

"வரும்மா. அறுபது விழுற வரைக்கும் வரும்."

"அப்போ நான் சொல்லச் சொல்ல எழுதிக்க. இப்பவே. நீ ஒரு தடவைகூட என்கிட்ட முழுசாக் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. எழுத எதாச்சும் இருக்கா?"

பேனாக்கள் உள்ளே சங்கிலியில் கிடந்தன. வெளியே யாரிடம் இருக்கும்? ரெக்ஸ்லின் பையைத் துழாவிக் கண்மைப் பென்சிலை எடுத்துக் கொடுத்தாள். நவ்ஷாத் சுண்டல் பொட்டலத் தாளை உதறி, கதவுத் தூணில் வைத்துத் தட்டையாகத் தேய்த்துப் பிடித்துக்கொண்டான்.

"ம், சொல்லும்மா."

"அன்னிக்குக் காலையில உனக்குக் காய்ச்சல்," என்று அம்மா தொடங்கினாள். "அதனால நான் வேலைக்குப் போகலை. மதகைப் பார்த்தபடி வாசல்ல நின்னேன். காத்துகூட அடங்கியிருந்துச்சு. அவ்வளவு அமைதி."