பூவிழிக்கு எத்தனை கட்டம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் சாப்பிட்டுப் போனதும், கேமரா வைக்கிற பெண் செல்வமேரி வந்தாள். செவ்வாய்க் கிரகத்தின் தெற்குக் குவிமாடத்தில் அதுதான் வழக்கம். அங்கே புதைக்க இடம் கிடையாது. உடல் தோட்டத்துக்கு உரமாகிவிடும். அதற்கு ஈடாக நிர்வாகம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நினைவுத்தளம் தரும். இறந்தவர், உயிரோடிருந்தபோது எடுத்த வீடியோப் பதிவுகளிலிருந்து உருவாகி, அதற்குள் நடமாடுவார்.

எல்லாம் பழைய கணினி விளையாட்டுகளின் உத்திதான். தரை, சுவர், மரம் யாவும் ஒரே அளவுச் சதுரக் கட்டங்கள். ஓடு பதிப்பதுபோல் அவற்றை ஒட்டி அடுக்கினால் வீடும் தெருவும் வந்துவிடும். மேலே ஒரு கேமரா. அதன் பார்வைச் சட்டத்துக்குள் விழும் கட்டங்கள் மட்டுமே இயங்கும். மற்றவை உறைந்து கிடக்கும், அங்கே யாரும் கால் வைக்க முடியாது. கிட்டே வைத்தால் கண்ணிமைகூடத் தெரியும், ஆனால் சில கட்டங்களே இயங்கும். தள்ளி வைத்தால் ஊரே இயங்கும், ஆள் நகத்தளவுதான் தெரிவார். இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் மின்சாரம் கட்டுப்படியாகாது. ஆளை உள்ளே இறக்குமுன் ஜூமைப் பூட்டிவிடுவார்கள். பிறகு மாற்ற முடியாது.

“எவ்வளவு கிட்ட வைக்கட்டும்க்கா?” என்று கேட்டாள் செல்வமேரி.

“எவ்வளவு முடியுமோ அவ்வளவு,” என்றாள் மங்கையர்க்கரசி. “எம்பொண்ணு புருவத்துத் தழும்பு தெரியணும்.”

“அப்ப நாலு கட்டந்தான் வரும். பாய் விரிச்ச எடம்னு வெச்சுக்கங்க.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த மங்கையின் கணவன் தணிகைவேல் நிமிர்ந்தான். “நாலு கட்டத்துல என்ன பண்ணுவா? கடைசி வருசம் பூரா ஆஸ்பத்திரிக் கட்டில்லயே கெடந்தா. இங்கயும் படுக்கப் போடுறியா?”

“எனக்கு அவ மூஞ்சி வேணும்.”

“ஒனக்கு வேணும். அவளுக்கு என்ன வேணும்?”

ஒன்பது வயதுப் பூவிழியின் நுரையீரலில் செந்தூசி இறங்கியபின், அந்தக் குழந்தை கேட்டதெல்லாம் திடலுக்குப் போக வேண்டும் என்பதுதான்.

“ஒரு வீட்ல மாமனாரை ரொம்பத் தள்ளி வைக்கச் சொன்னாங்கக்கா,” என்றாள் செல்வமேரி, கனத்துப்போன அறையைக் கொஞ்சம் இளக்க. “இருமல் சத்தம் கேக்கக் கூடாதாம்.”

யாரும் சிரிக்கவில்லை.

“தள்ளி வெச்சா எங்கெல்லாம் போகலாம்?” என்றாள் மங்கை.

“வீடு, பள்ளிக்கூடம், திடல், ஊஞ்சல், எல்லாமே ஓடும். ஆனா தழும்பு தெரியாது. மூஞ்சியே பொட்டு மாதிரிதான்.”

மங்கை முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டாள். பிறகு, “தள்ளியே வைம்மா. ஓடட்டும்,” என்றாள்.

பூட்டு விழுந்தது. செல்வமேரி பதிவுகளை ஏற்றினாள். “இத்தனை பதிவு எந்த வீட்லயும் தந்ததில்லைக்கா. தொட்டில்லேர்ந்து எடுத்திருக்கீங்க. புள்ளை அப்படியே வந்துருவா.”

சுவர்த்திரை நிறையத் திடல் விரிந்தது. ஊஞ்சலருகே மஞ்சள் கவுன் போட்ட ஒரு புள்ளி இறங்கியது. தணிகைவேல் எழுந்து நின்றுவிட்டான்.

புள்ளி ஓடவில்லை. நேராகச் சட்டத்தின் நடுவுக்கு நடந்து வந்தது. நின்றது. தலையைத் தூக்கி மேலே பார்த்தது.

“ஏம்மா நிக்கிறா?” என்றான் தணிகைவேல்.

செல்வமேரி அவளைச் சறுக்குமரத்தின் உச்சியில் எடுத்து வைத்தாள். அவள் சறுக்கவில்லை, ஏணிப்படியில் இறங்கி, மறுபடி நடுவுக்கே வந்து நிமிர்ந்தாள்.

“பதிவுல உள்ளதுதாண்ணே வரும்,” என்றாள் செல்வமேரி, குரல் இறங்கி. “எல்லாத்துலயும் பாப்பா இப்படித்தான் நின்னுட்டிருக்கா.”

பிறந்தநாள், பள்ளியின் முதல் நாள், முதல் பல் விழுந்த நாள் என்று எல்லா நாளிலும் மங்கை, “இங்க பாரு கண்ணு, சிரி,” என்று கூப்பிட்டு நிறுத்திவிட்டுத்தான் எடுத்திருந்தாள். எடுத்து முடித்ததும் குழந்தை எங்கே ஓடினாள், என்ன விளையாடினாள் என்பது எந்தப் பதிவிலும் இல்லை. அந்த நேரத்தில் மங்கை எடுத்ததை எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

திரையிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“எடுத்துட்டியாம்மா? நான் போய் வெளயாடட்டுமா?”

“போடி கண்ணு,” என்று மங்கை திரையில் கையை வைத்தாள். “எடுத்தாச்சு. போ.”

“உள்ள இருக்கறவங்களுக்கு நாம பேசுறது கேக்காதுக்கா,” என்றாள் செல்வமேரி.

பூவிழி கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு கவுனைச் சரிசெய்துகொண்டு, படம் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தவள்போல், இன்னும் நன்றாகச் சிரித்தாள்.