ஒரே ஒரு குழி

தையல்காரி வாசலில் வந்து நின்றபோது மாப்பிள்ளை கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து துருப்பிடித்த ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு ஆணிகள், ஒரு வாளிப்பிடி, பாதி கரைந்துபோன ஒரு பூட்டு. மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு மூன்று மாதமாகப் பொட்டல் பொட்டலாக அலைந்ததற்கு அவர் சேர்த்த சொத்து இவ்வளவுதான். மைக் செட் கடை வைத்திருக்கிற மனிதருக்கு இரும்புச் சத்தம் எது, வெள்ளிச் சத்தம் எது என்று காது சொல்ல வேண்டாமா என்று வீட்டுக்காரி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டாள். மாமியார் மட்டும் ஒரு வார்த்தை கேலி பேசியதில்லை. அதுவே மாப்பிள்ளைக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது.

மாமியாரை ஊரில் எல்லோரும் தட்டச்சம்மா என்றுதான் சொல்வார்கள். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னதை எல்லாம் தட்டச்சு அடித்தவர். பொய் சொல்கிறவன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்பது அவர் விரல்களுக்கே தெரியும் என்று வக்கீல்கள் சொல்வதுண்டு. ஓய்வு பெற்ற பிறகு இப்படி யாராவது கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்பது வாடிக்கையாகிவிட்டது. துணைக்கு ஓட மாப்பிள்ளை எப்போதும் ஒற்றைக்காலில் நின்றார்.

தையல்காரி அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அவளுடைய தம்பி லாரிப் பட்டறையில் மெக்கானிக். போன வியாழக்கிழமை மத்தியானம், ஆட்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பட்டறை முதலாளியை யாரோ பின்மண்டையில் அடித்துச் சாய்த்துவிட்டார்கள். முதலில் திரும்பி வந்தவன் தம்பி. தூக்கி மடியில் கிடத்தியவனும் அவன்தான். அதனால் சட்டையெல்லாம் ரத்தம். முதலாளி இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. தம்பியின் பெரிய ஸ்பேனர் ஒன்று அன்றைக்குக் காலையிலிருந்தே காணோம். அதைத் தேடித் தேடி அவன் எல்லோரையும் கேட்டிருக்கிறான், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அந்த ஸ்பேனர் சனிக்கிழமை கிடைச்சுதும்மா. பட்டறைக்குப் பின்னாடி காலி மனையில, மண்ணுக்குள்ள. தம்பி தன் சாமான்ல எல்லாம் அரத்தால ரெண்டு கோடு ராவி வச்சிருப்பான். அந்த ரெண்டு கோடும் இருக்கு, ரத்தமும் இருக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்க. உள்ள போனா எப்ப வெளிய வருவான்னு வக்கீலுக்கே தெரியல. முதலாளி போயிட்டார்னா..." என்றாள் தையல்காரி.

ஸ்பேனரைக் கண்டுபிடித்தவர் யார் என்று தட்டச்சம்மா கேட்டார். முதலாளியின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. பட்டறையில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை மச்சான் என்றே கூப்பிடுவார்களாம். பட்டறை நிர்வாகம் பதினெட்டு வருஷமாக அவர் கையில்தான். அடுத்த மாதத்திலிருந்து அதை மெக்கானிக்கிடம் ஒப்படைக்கப்போவதாக முதலாளி போன வாரம்தான் சொல்லியிருந்தார். தம்பிக்கு வந்த அந்த நல்ல காலத்தை நினைத்துத் தையல்காரி நொந்துகொண்டாள்.

மச்சானுக்கும் மெட்டல் டிடெக்டர் பித்து உண்டு. பத்து வருஷப் பழக்கம். போலீஸ்காரர்கள் ஒரு நாள் முழுக்க மனையைக் கிளறியும் ஒன்றும் அகப்படாததால், அவரே தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு வந்தாராம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இறங்கியவர், இருபதே நிமிஷத்தில், ஒரே குழியில், ஒரு சாண் ஆழத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் கை குலுக்கினாராம்.

வக்கீல் கொடுத்த வாக்குமூலப் பிரதியைத் தட்டச்சம்மா எழுத்துப்பிழை பார்க்கிறவர் போல மூன்று தடவை படித்தார். மச்சான் சொன்னதாக அதில் இப்படி இருந்தது: அந்த மனையில் முன்பு மரக்கடை இருந்து எரிந்துபோனது, மண் பூராவும் ஆணி, ஆணிச் சத்தம் தொல்லை செய்யாமல் இருக்க மெஷினில் இரும்பை மறைத்துவிட்டுத்தான் தேடினேன், வாசலிலிருந்து நேராக நடந்தேன், மணி போல ஒரு சத்தம் கேட்டது, தோண்டினேன்.

"மாப்பிள்ளை, இரும்பை மறைக்கிறதுன்னா என்ன?"

மாப்பிள்ளைக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. மூன்று மாதமாக வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. மெஷினுக்கு இரும்பு என்றால் கட்டைக் குரல், செம்பு வெள்ளி என்றால் மணிக் குரல் என்று விளக்கினார். ஒரு பட்டனைத் தட்டினால் இரும்புக்கு மட்டும் வாய் மூடிக்கொள்ளும்.

"ஸ்பேனர் இரும்புதானே?"

"இரும்பேதான், அத்தை." சொன்ன பிறகுதான் மாப்பிள்ளைக்கே உறைத்தது. துள்ளி எழுந்தார். மச்சான் பொய் சொல்கிறார், விஷயம் முடிந்தது, இப்போதே ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார். தையல்காரியின் முகத்தில் ஐந்து நாளில் முதல் தடவையாக ரத்தம் ஓடியது.

தட்டச்சம்மா அசையவில்லை. இரும்பு இந்த மெஷினை எப்போதாவது ஏமாற்றுமா என்று மட்டும் கேட்டார். மாப்பிள்ளை மறுபடி உட்கார்ந்தார். ஏமாற்றும். அவரைப் போல இரும்பிடம் ஏமாந்தவர் யார் இருக்கிறார்கள்? ஆணி பேசாமல் கிடக்கும். ஆனால் பெரிய இரும்பு, அதுவும் தட்டையாகவோ துருப்பிடித்தோ இருந்தால், மறைத்து வைத்திருந்தாலும் சில சமயம் வெள்ளிக்காசு மாதிரி மணியடிக்கும். குறுக்கே திரும்பி நின்று மறுபடி வீசிப் பார்த்தால் அந்தக் குரல் உடைந்துபோகும். நல்ல சாமான் என்றால் எந்தப் பக்கம் நின்றாலும் ஒரே குரல். இந்த ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்ளவே அவருக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. சொல்லி முடித்தபோது தையல்காரியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"பரவாயில்ல மாப்பிள்ளை. தெரிஞ்சதைத் தெரிஞ்ச மாதிரி சொன்னீங்க, அதுதான் வேணும்," என்றார் தட்டச்சம்மா. "உங்க கடையில சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு இருக்குமா?"

இன்ஸ்பெக்டர் ஒரு மணி நேரம்தான் தந்தார். அதுகூட, தன் சாட்சியங்களைப் பத்து வருஷம் பிழை திருத்தி அடித்துக் கொடுத்த அம்மா என்பதற்காக. மறுநாள் காலை எட்டு மணிக்கு மனைக்கு வந்தவர், வந்ததிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் தன் மெஷினோடு வந்திருந்தார். நல்ல உயரம், நிதானமான பேச்சு. முதலாளியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தார். தூக்கமில்லாமல் கண் இரண்டும் இடுங்கிக் கிடந்தன. தையல்காரியைக் கண்டதும், கொலைகாரன் அக்காவுக்கு இங்கே என்ன வேலை என்று எல்லோர் காதும் கேட்கச் சொன்னார். தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

கிடைத்த ஸ்பேனர் சாட்சிப் பொருளாகப் போய்விட்டது. அதே அளவில் இன்னொன்றை இன்ஸ்பெக்டரே பட்டறையிலிருந்து எடுத்து வந்து, அதே குழியில், அதே ஆழத்தில் வைத்து மூடினார். அன்றைக்கு நடந்ததை அப்படியே நடந்து காட்டும்படி மச்சானைத் தட்டச்சம்மா கேட்டுக்கொண்டார். ஹெட்போன் மட்டும் வேண்டாம், சத்தத்தை எல்லோரும் கேட்கட்டும் என்றார். ஹெட்போன் சொருகும் துளையில் மாப்பிள்ளை தன் ஸ்பீக்கரின் ஒயரைச் சொருகினார்.  மெஷினில் இரும்பு மறைத்தே இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

மச்சான் மெஷினை வீசிக்கொண்டே நேராகக் குழிக்குப் போனார். நடையில் ஓர் அலட்சியம் இருந்தது. ஸ்பீக்கரில் அவ்வப்போது பாதி டிங் போல ஏதோ முனகியது. அவர் நிற்கவே இல்லை. குழிக்கு மேலே மெஷினை நிறுத்தி வீசினார். சத்தம் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மாப்பிள்ளை வேண்டாத தெய்வமில்லை. மூன்றாவது வீச்சில் ஸ்பீக்கர் டிங் என்றது.

மாப்பிள்ளை மச்சானைக் குறுக்கே நின்று வீசச் சொன்னார். குரல் கரகரத்து உடைந்தது. ஆனால் அதனால் என்ன? மணிச் சத்தம் கேட்டது என்னவோ நிஜம்.

"இதைத்தான் சார் அன்னைக்கும் கேட்டேன்," என்றார் மச்சான். முதலாளியம்மா பெருமூச்சு விட்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, போகலாமா அம்மா என்றார். தையல்காரி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

தட்டச்சம்மா தன் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது என்றார். மெஷினை மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார். ஒரு பட்டனையும் தொடக்கூடாது, வாசலிலிருந்து மச்சான் நடந்த அதே வழியில் நடக்க வேண்டும், வீட்டில் செய்வதைப் போல மணிச் சத்தம் கேட்ட இடத்தில் எல்லாம் தோண்ட வேண்டும்.

அவமானத்தில் மாப்பிள்ளைக்குக் காது சிவந்தது. போலீஸ் முன்னால் ஆணி பொறுக்கச் சொல்கிறாரே இந்த அம்மா. இருந்தும் நடந்தார். நாலாவது அடியில் டிங் என்றது. தோண்டினார். கதவுக் கீல். இன்னும் மூன்று அடி, டிங். ரம்பத் தகடு, பாதி தின்னப்பட்டது. அப்புறம் ஒரு தாழ்ப்பாள். அப்புறம் லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று, அவர் முழங்கை நீளத்துக்கு. மண்ணை அள்ளி அள்ளி நகம் பிய்ந்தது. இரும்பு, இரும்பு, எல்லாமே இரும்பு. ஒவ்வொன்றையும் கான்ஸ்டபிள் வரிசையாக எடுத்துவைத்தார். ஸ்பேனர் குழிக்கு வந்து சேருமுன் ஏழு குழிகள் ஆகிவிட்டன.  இன்ஸ்பெக்டர் தொப்பியைத் திரும்பவும் கழற்றினார்.

"அன்னைக்கு நீங்க கூட இருந்தீங்களே சார், இந்த ஏழு இடத்துலயும் அவர் நின்னாரா?" என்று தட்டச்சம்மா கேட்டார்.

இன்ஸ்பெக்டர் யோசித்துச் சொன்னார். இல்லை. எங்கேயும் நிற்கவில்லை. நேராக இங்கேதான் வந்தார்.

மச்சான் சிரித்தார். பத்து வருஷம் இதிலேயே ஊறியவனுக்குக் கழிசடை இரும்பு எது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும், மாப்பிள்ளை போலக் கண்டதையும் தோண்ட வேண்டியதில்லை என்றார்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார் தட்டச்சம்மா. குரல் ஏறவே இல்லை. "ஸ்பேனரும் அதே கழிசடைச் சத்தம்தான் போட்டுது. இப்பதான் எல்லாரும் கேட்டோம். வேலை தெரிஞ்சவர் எட்டையும் விட்டுட்டுப் போயிருப்பார். எங்க மாப்பிள்ளை மாதிரி தெரியாதவர் எட்டையும் தோண்டியிருப்பார். ஏழு இடத்தை விட்டுட்டு ஒண்ணை மட்டும் தோண்டினீங்களே, அது எப்படி?"

மச்சான் உதட்டை நனைத்துக்கொண்டார். தேடியது ஸ்பேனர், அதாவது இரும்பு. ஆகவே பெரிய இரும்பு கேட்டதும் தோண்டினேன் என்றார்.

"இரும்பைத் தேடி வந்தவர் இரும்பை ஏன் மறைச்சு வச்சீங்க? சரி, பழக்க தோஷம்னே வச்சுக்குவோம். அப்படியும் முதல் பெரிய இரும்பு அந்தக் கீல். அதுதான் ஸ்பேனரா இருக்கும்னு ஏன் உங்களுக்குத் தோணல? ரெண்டாவது, மூணாவது, ஏழாவது வரைக்கும் ஏன் தோணல? இந்த இடத்துக்கு வர்றதுக்கு உங்களுக்கு மெஷினே வேண்டாம். மெஷின் எங்களுக்காகக் கொண்டு வந்தது. ஹெட்போனும் எங்களுக்காகத்தான்."

மாப்பிள்ளை கையில் மெஷினோடு வாயைப் பிளந்து நின்றார். மூன்று மாதமாகத் தான் தோண்டிய குழி ஒவ்வொன்றையும் இந்த அம்மா வாய் திறக்காமல் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

மச்சான் இன்ஸ்பெக்டரைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் முதலாளியம்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். தம்பியின் முகத்தையே பார்த்தார்.

"தம்பி, அந்த அம்மா கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லுடா. நான் நம்பிக்கிறேன். ஏதாவது ஒண்ணு சொல்லு."

மச்சான் தோண்டிப் போட்ட இரும்புகளைப் பார்த்தார், அக்காவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில், "பதினெட்டு வருஷம்க்கா," என்றார். "ஒரு வார்த்தை என்னைக் கேக்கல. நேத்து வந்த பையன்கிட்ட சாவியைக் கொடுக்கறேன்னு சொல்றார். பயமுறுத்தத்தான் ஸ்பேனரை எடுத்தேன். இவ்வளவு ஆகும்னு நினைக்கல."

பயமுறுத்த எடுத்த ஸ்பேனர் காலையிலேயே மெக்கானிக் பெட்டியிலிருந்து எப்படிக் காணாமல் போனது என்று தட்டச்சம்மா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் கணக்காகக் குறித்துக்கொள்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சானை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மெக்கானிக்கை விடுவிக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் போனில் பேசுவது எல்லோருக்கும் கேட்டது. தையல்காரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஓடிப்போய்த் தம்பியைப் பார்க்க வேண்டியவள்தான். எழுந்தும் நின்றுவிட்டாள். ஆனால் முதலாளியம்மா ஜீப் போன திக்கைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கம் போவதா ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று தெரியாமல், ஓரடி எடுத்து வைப்பதும் நிற்பதுமாக இருந்தார். தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள். இந்த அம்மாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கப்போகிறாள் என்றுதான் மாப்பிள்ளை நினைத்தார். கேட்டாலும் தப்பில்லை என்றும் நினைத்தார்.

"இப்ப ஆஸ்பத்திரியில அவர்கிட்ட யார் இருக்காங்கம்மா?" என்று கேட்டாள் தையல்காரி.

யாரும் இல்லை என்று முதலாளியம்மா தலையை ஆட்டினார்.

"அப்ப நான் போய் உக்காந்துக்கறேன். நீங்க உங்க தம்பி பின்னாடி போங்க. அவனுக்கும் இப்ப அக்கா வேணும்."