புல் முளைக்காத இடம்

சமையலறை ஜன்னலுக்குக் கீழே இரண்டு இடங்களில் மட்டும் புல் இல்லை. மழை ஓய்ந்த சமயம். தோட்டம் முழுக்கப் புல் கணுக்கால் உயரத்துக்கு மதமதவென்று வளர்ந்து கிடந்தது. இந்த இரண்டு இடங்கள் மட்டும் மொட்டையாக, இறுகி, தேய்ந்துபோய் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பாதம் அளவு. தோட்ட விளக்குகளுக்கு வயர் பதிக்க மண்வெட்டியால் கோடு கீறிக்கொண்டே வந்த எலக்ட்ரீஷியன் அங்கே வந்ததும் நின்றார், குனிந்து பார்த்தார், பிறகு அந்த இரண்டையும் தொடாமல் கோட்டை வளைத்துக் கொண்டுபோனார்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவளுக்கு அது சரியாகப் படவில்லை. நேராகப் போக வேண்டிய கோடு எதற்கு வளைகிறது? என்ன அங்கே என்று கேட்டாள்.

“யாரோ நின்னு நின்னு தேஞ்ச மாதிரி இருக்கு அக்கா. சுவத்தப் பாத்து.”

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவள் கையில் இருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்த்தாள். சுவரைப் பார்த்து நிற்க அங்கே என்ன இருக்கிறது? ஜன்னல்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு உள்ளே அவளும் சுண்டெலியும்தான் இருக்கிறார்கள்.

சுண்டெலி அவளுடைய மகள். நாலு வயது நிறையவில்லை, ஒரு இடத்தில் நிற்காது, அதனால் அந்தப் பெயர். தெருவின் கடைசி வீடு அது. பின்னால் யாரும் கட்டாத காலி மனை. கணவனுக்கு மாலை ஷிஃப்ட் மாறியதிலிருந்து இருட்டு விழும் நேரத்தில் வீட்டில் பெரியவள் என்று அவள் ஒருத்திதான். தனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, சுண்டெலிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்புதான் அவளைப் பிடுங்கித் தின்றது. அதனால்தான் வீட்டைச் சுற்றி விளக்கு போட்டே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கணவன் சிரித்தான். நீ போலீஸ் வேலைக்குப் போக வேண்டியவள், தப்பித்தவறி என்னைக் கட்டிக்கொண்டாய் என்றான். ஆனாலும் ஆளைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்தான்.

இப்போது அந்த ஆள் மேலேயே அவளுக்குச் சந்தேகம். மழைக்கு முன்பே ஒரு தடவை அளவெடுக்க வந்திருந்தார். சார் எப்போது வருவார் என்று கேட்டதற்கு, ராத்திரி ஆகிவிடும் என்று அவளே தன் வாயால் உளறியிருந்தாள். வீட்டு அமைப்பு தெரியும், ஆள் இல்லாத நேரம் தெரியும், எந்த மூலையில் இருட்டு அதிகம் என்றும் தெரியும். இதைவிட வேறென்ன வேண்டும்? அன்றைக்கு முழுக்க அவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பியபோதெல்லாம் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

இருட்டியதும் வழக்கம்போல அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது காயும்வரை சுண்டெலியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். வெளியே மை அப்பியது போல இருட்டு. கண்ணாடியில் அவர்கள் இருவரும் தெரிந்தார்கள். பின்னால் டியூப் லைட், கோப்பைகள் அடுக்கிய அலமாரி, ஃபிரிட்ஜின் ஒரு மூலை. சுண்டெலி கண்ணாடியைப் பார்த்து டாட்டா காட்டினாள். தினமும் செய்வதுதான். பால் பொங்கும் சத்தம் கேட்டு அவள் திரும்பியபோது, கண்ணாடியில் இருந்தவள் ஒரு நொடி கழித்துத் திரும்பியதுபோல ஓரக்கண்ணில் பட்டது. பழைய கண்ணாடி, அலை அலையாக இருக்கும், அதுதான் என்று நினைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள்.

“கண்ணாடி அம்மா திட்டவே மாட்டா,” என்றாள் சுண்டெலி. “என்னை வா வான்னு கூப்புடுவா.”

சரி சரி, வாயைத் துடை என்று அவள் டம்ளரைக் கையில் கொடுத்தாள். குழந்தை ஆயிரம் சொல்லும்.

படுக்கப் போகும் முன்பு ஒரு காரியம் செய்தாள். வேலைக்குக் கொண்டுவந்து மிச்சமிருந்த ஈர மணலை அள்ளி அந்த இரண்டு மொட்டை இடங்களிலும் பரப்பிக் கையால் தடவிச் சமன் செய்தாள். வந்தவன் எவனாக இருந்தாலும் காலையில் தெரிந்துவிடும்.

தெரிந்தது. மணலில் இரண்டு வெறுங்கால் தடங்கள், விரல்கள் சுவர்ப் பக்கம். எலக்ட்ரீஷியனின் கால் படகு மாதிரி இருக்கும். இது சின்னது, பெண்ணின் கால். இதைக் கண்டதும் அவள் சந்தேகம் அப்படியே கணவன் பக்கம் தாவியது. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டதே அவனாகக் கேட்டுத்தான். எவளோ ஒருத்தி இருக்கிறாள், இந்த வீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று வயிற்றெரிச்சலோடு வந்து எட்டிப் பார்க்கிறாள். குற்றவாளியைப் பிடித்துவிட்ட வேகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, அளவு பார்ப்பதற்காகத் தன் காலை அந்தத் தடத்தின் மேல் வைத்தாள்.

பொருந்தியது. கட்டை விரலை ஒட்டிச் சற்றே வளைந்திருக்கும் இரண்டாம் விரல் உட்பட.

கணவனைக் கூப்பிட்டு, ராத்திரி மணல் பரப்பியதைச் சொல்லிக் காட்டினாள். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான். இதில் அதிசயம் என்ன, உன் கால்தானே, மணலைப் பரப்பியவள் நீதானே, மிதித்திருப்பாய் என்றான். அவள் மறுபடி தடத்தைக் குனிந்து பார்த்தாள். குந்தி உட்கார்ந்து, செருப்புக் காலோடுதான் பரப்பியதாக ஞாபகம். ஆனால் இப்போது கேட்டால் சத்தியம் செய்ய முடியவில்லை. அன்று பகல் முழுக்கத் தன்னையே கவனித்துக்கொண்டிருந்தாள். கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்தாள்.

மறுநாள் வேலை முடிந்தது. மண்ணில் குத்தி நிறுத்திய சின்னச் சின்ன விளக்குகள் வாசலில் தொடங்கி வீட்டைச் சுற்றி வந்து சமையலறை ஜன்னலுக்கு வெளியே முடிந்தன. முன்பக்கத்து விளக்குகள் முந்தைய நாளே எரிய ஆரம்பித்துவிட்டன. பின்பக்கம் இன்றைக்குத்தான் முதல் முறை. இருட்டியதும் தானாக எரியும், சட்டென்று எரியாமல் மெல்ல மெல்ல ஏறும், கண் கூசாது என்று எலக்ட்ரீஷியன் விளக்கினார். கை வேலையில் இருந்தாலும் பார்வை அடிக்கடி அவள் முகத்துக்கு வந்து போனது. ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்.

“வெளிய இருட்டு, உள்ள வெளிச்சம்னா இது முகம் பாக்கற கண்ணாடி மாதிரி ஆயிடும். இனிமே வெளிய வெளிச்சம் வந்துரும். உங்க முகம் போயிடும், தோட்டம்தான் தெரியும்.”

நல்லதுதான் என்றாள் அவள். அவர் பையைத் தோளில் மாட்டினார். ஆனால் கிளம்பவில்லை.

“நேத்து சாயங்காலம் நான் கிளம்பறப்ப இங்கதான் நின்னுட்டிருந்தீங்க. ஜன்னலுக்கு வெளிய. போய்ட்டு வரேன்னு சொன்னேன், திரும்பவே இல்ல. ஏதாவது கோவமாக்கா?”

“நேத்து சாயங்காலம் நான் வெளியவே வரல.”

அவர் அவளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அப்போ சரி அக்கா என்று முணுமுணுத்துவிட்டு, மண்வெட்டியை எடுக்கக்கூட மறந்து கிளம்பிவிட்டார். நல்லா நடிக்கிறான் ஆளு, என்னைப் பயமுறுத்திப் பார்க்கிறான் என்று அவள் பல்லைக் கடித்தாள். அந்தக் கோபம் அவளுக்குத் தெம்பாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

சாயங்காலம் கணவன் வேலைக்குப் போனான். விளையாடிக் களைத்த சுண்டெலி மஞ்சள் கவுனோடு சீக்கிரமே தூங்கிப்போனாள். அவள் போர்வையை இழுத்துவிட்டு, முன்கதவைப் பூட்டி, பின்கதவின் தாழ்ப்பாளை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். அடுப்பில் பாலை வைத்தாள். குழந்தை தூங்கிய பிறகு பால் எதற்கு என்று வைத்த பிறகுதான் உறைத்தது. ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது, குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, புதிதாகக் கிளறிய மண்ணின் ஈர வாடை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து பாலின் மணத்தோடு கலந்து, மூடி வைத்த அறையைத் திறந்ததுபோல மூக்கில் ஏறியது. வெளியே பூச்சிகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. கண்ணாடியில் அவள் நின்றாள். பின்னால் டியூப் லைட், அலமாரி, ஃபிரிட்ஜின் மூலை. எல்லாம் அதனதன் இடத்தில்.

பூச்சிச் சத்தம் நின்றது.

புல்லுக்குள் மஞ்சளாக ஒரு பொட்டு வெளிச்சம் முளைத்தது. அடுத்து இன்னொன்று. அவர் சொன்னதுபோல மெல்ல மெல்ல ஏறியது. கண்ணாடியில் டியூப் லைட் வெளிறியது. அலமாரி கரைந்தது, கோப்பை கோப்பையாக. ஃபிரிட்ஜின் மூலை போயிற்று. அந்த இடத்தில் காலி மனையின் வேலி தெரிந்தது, துணிக்கொடி தெரிந்தது, அதில் எடுக்க மறந்த ஒரு துண்டு தெரிந்தது.

முகம் போகவில்லை.

போய்விடும் என்று நின்றாள். விளக்கு இன்னும் ஏறட்டும். ஏறியது. முகம் இன்னும் தெளிந்தது. கீழேயிருந்து வெளிச்சம் பட்டு, முகவாயும் மூக்கின் அடியும் மட்டும் மஞ்சளாக. அவளுடைய முகம்தான். அவளுடைய புடவைதான். மூச்சு கண்ணாடியில் பனிப்பூச்சாகப் படர்ந்தது. விரலால் துடைத்தாள். போகவில்லை. அது அந்தப் பக்கத்துப் பனி.

ஓரடி விலகினாள்.

கண்ணாடியில் இருந்தவள் விலகவில்லை.

அவளுக்கு முதலில் தோன்றியது சுண்டெலிதான். படுக்கையறைக்கு ஓடினாள். விளக்கைப் போட்டாள். போர்வை இருந்தது. அது குழந்தையின் உருவத்துக்கு வளைந்து, தொட்டால் இன்னும் சூடாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். பின்கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. சுண்டெலி என்று கூப்பிட்டாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

சமையலறைக்கு வந்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது.

வெளியே எல்லா விளக்குகளும் முழுதாக எரிந்தன. தோட்டம் பட்டப்பகலாக இருந்தது. அந்த இரண்டு இடங்களில் கால் பதித்துக் கண்ணாடியில் இருந்தவள் நின்றிருந்தாள். இடுப்பில் மஞ்சள் கவுன். தோளில் சாய்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தன் அம்மாவின் இடுப்பில் இருக்கிற குழந்தை எப்படி இருக்குமோ அப்படி.

உள்ளிருந்து அவள் கண்ணாடியை அறைந்தாள். சத்தம் வரவில்லை. கதவைத் திறக்க வேண்டும், ஓட வேண்டும். கால் நகரவில்லை. வெளியே இருந்தவள் நகரும்வரை நகராது என்று அந்தக் காலுக்குத் தெரிந்திருந்ததுபோல அது நின்றது.

சுண்டெலி தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். பயமே இல்லை. தினமும் பார்க்கிற முகம்தானே. சிரித்தாள். கையைத் தூக்கி டாட்டா காட்டினாள்.

உள்ளே, ஒரு நொடி கழித்து, அவள் கை தானாக மேலே எழுந்தது.